நாயைப் பழக்கும் நல்வழி



“அடியாத மாடு படியாது” என்பது நம்மவர் வாயில் அன்றாடம் வழங்கும் பழமொழி. “அடி உதவுகிறதுபோல் அண்ணன் தம்பி உதவான்” என்பது மற்றொன்று. பிள்ளையைத் திருத்தவும், மாட்டை ஓட்டவும், நாயைப் பழக்கவும் இவ்விரண்டையுமே சான்றாகக் காட்டுகின்றோம். பழமொழி முன்னோர் அனுபவம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அனுபவமும் ஆராய்ச்சிக்கு உட்பட்டதேயாம். அடித்தால் ஒரு பிராணி எதைக் கற்கிறது, அடியாமல் கற்பித்தால் எதைக் கற்கிறது என்பதை, மனிதனோடு மிக நெருங்கி வாழும் நாயைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. என் பிழை

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். பிறர் பிழையை எடுத்துரைக்கும் உரிமை அதற்குப் பின்னரே வரும்.

பெங்களூரில் ஒரு பஞ்சாலையின் நூற்புப் பகுதியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. சுழலும் கதிரில் அறுந்த இழையைக் கண் இமைக்கும் நேரத்தில் ஒட்ட வேண்டும். எனக்கு வேலை கற்பித்த மேஸ்திரி, இழை தவறும்போதெல்லாம் பிடரியில் அறைவார். அவர் காலடி கேட்டாலே என் விரல் நடுங்கும். நடுங்கிய விரலில் இழை மறுபடியும் அறும். மறுபடியும் அறை விழும். பக்கத்து மிஷினில் ஒரு முதியவர் இருந்தார். அவர் ஒருநாள் தம் கையை மெள்ள ஓட்டிக் காட்டி, நான் சரியாக ஒட்டிய அந்தக் கணத்தில், “அதுதான்” என்று ஒரே ஒரு சொல் சொன்னார். ஒரு வாரத்தில் என் கை படிந்துவிட்டது.

இந்த அனுபவத்தைப் பெற்ற நான் வீட்டுக்கு வந்து செய்தது என்ன? எங்கள் லைன் வீட்டு வாயிலில் கருப்பன் என்று ஒரு நாய் வளர்த்தோம். அது சோறு தின்னும்போது யாரேனும் அருகே போனால் உறுமும். உறுமிய போதெல்லாம் விறகுக் கட்டையால் அடித்தேன். ஒரு மாதத்தில் உறுமல் நின்றது. நாய் திருந்திவிட்டதென்று லைன் முழுவதும் பெருமை பேசினேன்.

பின்னர் ஒருநாள், என் தமையனாரின் மகள், நாலு வயதுக் குழந்தை, அதன் சோற்றுத் தட்டருகே உருண்ட பந்தை எடுக்கக் குனிந்தாள். நாய் உறுமவில்லை, பல்லைக் காட்டவுமில்லை. நேரே கன்னத்தைக் கடித்துவிட்டது. குழந்தை பிழைத்தாள், தழும்பு இன்றும் இருக்கின்றது. அன்று மாலையே நாயை அடித்துக் கொன்றார்கள். நான் தடுக்கவில்லை.

நாயின் துர்க்குணமே காரணமென்று பல வருஷம் நினைத்திருந்தேன். கட்டையால் நான் அடித்து ஒழித்தது நாயின் கோபத்தையன்று, அதன் எச்சரிக்கையை மட்டுமே என்பதை உணர நெடுங்காலம் ஆயிற்று. ஆலையில் அபாய மணி ஓயாமல் அடிக்கிறதென்று மணியை உடைத்தெறிந்தால் நெருப்பு அணைந்துவிடுமா? உறுமல் என்பது, “எனக்கு அச்சமாயிருக்கிறது, விலகி நில்” என்று நாய் சொல்லும் சொல். அச்சம் உள்ளே அப்படியே இருக்க, சொல் மட்டும் போயிற்று. சொல் போன இடத்தில் பல் வந்தது.

2. அறிஞர் கண்டவை

நாய் எவ்வாறு கற்கிறதென்பதை நூறாண்டுக்கு மேலாக அறிஞர் ஆராய்ந்திருக்கின்றனர். அவற்றுள் நமக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ரஷ்ய நாட்டு இவான் பாவ்லோவ் என்பார், ஜீரண உறுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன்னர் ஓர் ஒலியைத் தவறாமல் எழுப்பிவந்தால், சில நாட்களில் அந்த ஒலி கேட்ட மாத்திரத்திலேயே நாயின் வாயில் உமிழ்நீர் சுரப்பதை அவர் காட்டினார். இதில் நமக்குப் புதுமை ஒன்றுமில்லை. பகலுணவுச் சங்கு ஊதியவுடன் நம் வயிற்றில் பசி மூளவில்லையா? ஒன்றையடுத்து ஒன்று வந்தால், முன்னது பின்னதற்கு அடையாளமாகிவிடும். ஆகவே மனிதன் கை சோற்றோடு வந்தால் கை நன்மைக்கு அடையாளம். கட்டையோடு வந்தால் துன்பத்துக்கு அடையாளம். தெருநாய் ஒன்றின் எதிரே செருப்பு வாரை மாட்டக் குனிந்து பாருங்கள், கல்லெடுக்கிறோமென்று ஓடிவிடும். அதற்கு அப்பாடத்தைக் கற்பித்தவர் நாமே.

அமெரிக்க நாட்டுத் தார்ன்டைக் என்பார், பூனைகளைக் கூண்டிலிட்டுச் செய்த சோதனையை 1898இல் வெளியிட்டார். இன்பமான விளைவைத் தந்த செயலைப் பிராணி மீண்டும் மீண்டும் செய்யும் என்பது அவர் கண்ட விதி. இவ்விதியை மேலும் வளர்த்த ஸ்கின்னர் என்பார், வீட்டில் எவரும் நாயைப் பழக்கலாமென்று 1951இல் ஒரு கட்டுரை எழுதினார். அழுத்தினால் ‘டிக்’கென்று ஒலிக்கும் ஒரு சிறு பொம்மையை வைத்துக்கொண்டு, நாய் சரியாகச் செய்த கணத்தில் ஒலித்து, உடனே உணவு கொடுக்கலாம் என்றார். அந்த ‘டிக்’ ஒலியும், எனக்கு அந்த முதியவர் சொன்ன “அதுதான்” என்ற சொல்லும் ஒன்றேயல்லவா?

அடியின் விளைவைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. அது கொடிய சோதனை. எனினும் அதன் பாடம் பெரிது. 1967இல் செலிக்மன், மேயர் என்னும் இருவர் சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தனர். ஒரு தொகுதி நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். மற்றொரு தொகுதிக்கு அதே அளவு அதிர்ச்சி. ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. பின்னர் அவற்றைக் குட்டையான தடுப்புள்ள பெட்டியில் விட்டனர். தாண்டினால் துன்பமில்லை. முதற்றொகுதி நாய்கள் விரைவில் தாண்டக் கற்றன. இரண்டாவது தொகுதியிற் பல, வழி திறந்திருந்தும் தாண்டாமல் முனகியபடி படுத்துக்கொண்டன. இரண்டும் பட்ட துன்பம் சமமே. தன் செயலால் துன்பத்தை நிறுத்த முடியும் என்று அறிந்ததும் அறியாததுமே வேறுபாடு.

அவ்விருவரும் 2016இல் தம் பழைய முடிவைத் தாமே திருத்தினர். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிக் கிடப்பது உயிரின் இயல்பு. தன் செயலுக்குப் பலனுண்டு என்ற உணர்வே கற்றுப் பெறவேண்டியது என்றனர். அடிக்கு அடங்கிக் கிடக்கும் நாயைப் பார்த்து, “எவ்வளவு பணிவு!” என்று மகிழ்வோர் இதைச் சிந்திக்க வேண்டும். அது பணிவாக இராமல், நம்பிக்கை இழந்த நிலையாகவும் இருக்கலாம்.

“நாய் ஓநாயின் இனம், கூட்டத்துக்கு ஒரு தலைவன் வேண்டும், நாமே தலைவனென்று அடித்துக் காட்டாவிட்டால் அது நம் தலையில் ஏறிவிடும்” என்று சொல்வாரும் உண்டு. இக்கொள்கைக்குப் பெரிதும் ஆதாரமாயிருந்தது, அடைப்பில் வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி ஷெங்கல் என்பார் 1947இல் எழுதியது. டேவிட் மெக் என்ற அறிஞரும் 1970இல் தம் நூலில் அக்கருத்தைப் பரப்பினார். காட்டு ஓநாய்களைப் பல காலம் பின்தொடர்ந்து ஆராய்ந்த பின், 1999இல் அவரே அதை மறுத்தெழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமேயன்றி, சண்டையில் வென்றவன் ஆளும் சேனையன்று.

2009இல் அமெரிக்காவில் நாய் வளர்ப்போரிடம் விசாரித்து வெளியிட்ட ஆராய்ச்சியில், நாயை அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களுள் 100க்கு 43 பேர், நாய் பதிலுக்குச் சீறியதாகக் கூறினர். 2020இல் போர்ச்சுகல் நாட்டார் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்தனர். தண்டித்துப் பழக்கும் பள்ளிகளில் பயின்றவை பயிற்சி வேளையில் அதிகம் கலங்கின. தண்டனை மிகுந்த பள்ளியில் பயின்றவை, உணவு இருக்குமோ இராதோ என்ற ஐயமுள்ள கிண்ணத்தை நோக்கித் தயங்கித் தயங்கியே சென்றன. அடி ஓய்ந்த பின்னரும் அவநம்பிக்கை ஓயவில்லை.

நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்றையும் சொல்லவேண்டும். கொல்கத்தாவின் இந்திய அறிவியற் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார், தெருநாய்கள் முன்பின் அறியாத மனிதரை எப்படி நம்பத் தொடங்குகின்றன என்று ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். அந்நியர் கையிலிருந்து உணவை வாங்க அவை அஞ்சின. தரையில் வைத்ததையே விரும்பின. ஆனால் நாள்தோறும் ஒருவர் வந்து அன்போடு தடவிக்கொடுத்து வந்தபோது, உணவைவிடத் தடவலே அவற்றின் நம்பிக்கையை மிகுதியும் வளர்த்தது. குப்பைத்தொட்டியில் இரை தேடும் பிராணியும் சோற்றுக்கு மேல் ஒன்றை விரும்புகிறது என்பது இதனால் விளங்கும்.

3. கூலியா, லஞ்சமா?

“உணவு காட்டிப் பழக்குவது லஞ்சமல்லவா?” என்று சில அன்பர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. லஞ்சம் வேலைக்கு முன்னே காட்டப்படுவது. கூலி வேலைக்குப் பின்னே கொடுக்கப்படுவது. ஆலையில் உழைத்த எவரும் தாம் பெற்ற கூலியை லஞ்சமென்று ஒப்பமாட்டார். நாய்க்கும் அப்படியே. தொடக்கத்தில் வழிகாட்ட உணவைக் காட்டலாம். சில தடவைக்குள் அதை மறைத்துவிட்டு, செயலுக்குப் பின்னரே கொடுக்க வேண்டும்.

கூலியின் தர்மம் மூன்று. முதலாவது, உடனே கொடுக்கவேண்டும். ஓரிரு விநாடிக்குள் வராத உணவை, எதற்காக வந்ததென்று நாய் அறியாது. வீட்டில் இல்லாதபோது செருப்பைக் கடித்த நாயை மாலையில் வந்து அடிப்பதும் இக்காரணத்தால் வீணே. அது செருப்பை நினையாது, நாம் வரும் காலடியை அஞ்சவே கற்கும். இரண்டாவது, வேலைக்குத் தக்க கூலி வேண்டும். அமைதியான வீட்டில் உட்காருவதற்கு ஒரு துண்டு இட்லி போதும். மற்றொரு நாய் எதிரே வரும்போது நம்மிடம் திரும்பி வருவது கடினமான வேலை. அதற்கு அவித்த முட்டையோ இறைச்சியோ தகும். மூன்றாவது, சொன்ன சொல் தவறக்கூடாது. உணவு உண்டென்று அழைத்துக் கட்டிப்போட்டு அடித்தவனை, அடுத்த முறை நாய் நம்பாது. நாமும் நம்பமாட்டோம்.

4. பழக்கும் முறை

அஞ்சும் நாயானாலும் புதிதாக வந்த குட்டியானாலும் முறை ஒன்றே. எடுத்துக்கொள்ளும் காலமே வேறு.

முதற்படி, நெருங்காமலிருத்தல். நாயை நோக்கி நடவாதீர்கள். நேருக்கு நேர் உற்றுப் பாராதீர்கள். பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்காருங்கள். உணவுத் துண்டை அதன் பக்கம் மெதுவாக எறிந்துவிட்டுப் பேசாமலிருங்கள். அது தின்றதும் எழுந்து போய்விடுங்கள். நாள்தோறும் ஒரே வேளையில் செய்து, துண்டு விழும் இடத்தைச் சிறிது சிறிதாக உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். வருவதா வேண்டாவா என்பதை நாயே தீர்மானிக்கட்டும்.

இரண்டாம் படி, நாயின் பேச்சை அறிதல். உணவில்லாதபோது உதட்டை நக்குதல், தூக்கமில்லாமல் கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்புதல், வாலை இடுக்குதல், கண்ணின் வெண்மை தெரியப் பார்த்தல், உடல் விறைத்து நிற்றல், இவையெல்லாம் “போதும்” என்பதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டவுடன் பின்வாங்குங்கள். உறுமினால் கோபியாதீர்கள், அது பல்லை உபயோகிக்காமல் வாயால் சொன்னதற்கு மகிழுங்கள்.

மூன்றாம் படி, ஒரு சொல்லை நிலைநாட்டல். “சபாஷ்” என்று சொல்லுங்கள். உடனே கொண்டைக்கடலை அளவு உணவு கொடுங்கள். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து தடவை இவ்வாறு செய்தால், சில நாட்களில் அச்சொல்லே உணவின் வாக்குறுதி ஆகிவிடும். பிறகு நாய் நல்லதொன்று செய்யும் கணத்தை அச்சொல்லால் சுட்டலாம்.

நான்காம் படி, உட்காரக் கற்பித்தல். உணவை மூக்கின் நுனியிலிருந்து தலைக்கு மேலாக மெள்ளப் பின்னே நகர்த்துங்கள். தலை நிமிரும், இடுப்பு தானே தாழும். தரையில் பட்ட கணத்தில் “சபாஷ்”, உடனே உணவு. முதுகை அமுக்கக் கூடாது. நன்றாகச் செய்யத் தொடங்கிய பின்னரே “உட்கார்” என்ற சொல்லைச் சேருங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும். நாய் இன்னும் விரும்பும்போதே நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி, அழைத்தால் வரக் கற்பித்தல். இரண்டடி தூரத்தில் தொடங்கி மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டுங்கள். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் வந்ததற்குக் கூலி கொடுங்கள். அழைத்து வந்தபின் ஒருபோதும் தண்டியாதீர்கள்.

தவறு செய்தால் என் செய்வது? “அதைச் செய்யாதே” என்பது நாய்க்குப் புரியாத பாடம். “இதைச் செய்” என்பது புரியும். மேலே தாவினால் பேசாமல் திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் தரையிலிருக்கும்போது அன்பு காட்டுங்கள். தட்டருகே உறுமினால், தள்ளி நின்று இன்னும் சுவையான துண்டொன்றை அதன் பக்கம் எறிந்துவிட்டுப் போங்கள். நாளடைவில் மனிதர் வருவது பறிக்க அன்று, கொடுக்கவே என்று அது கற்கும். என் கருப்பனுக்கு நான் கற்பித்திருக்க வேண்டியது இதுவே. குழந்தைகளைத் தட்டருகே விடாமலும் காத்திருக்க வேண்டும். கடிக்கும் வழக்கம் முற்றிய நாயை நீங்களே பழக்க முயலாமல் கால்நடை மருத்துவரின் ஆலோசனை பெறுங்கள்.

5. கவனிக்கவேண்டியவை

அன்பு என்ற பெயரால் அஜாக்கிரதை கூடாது. தூங்கும் நாயையும், தின்னும் நாயையும், குட்டி போட்ட நாயையும் அணுகாதீர்கள். சிறு குழந்தையை எந்த நாயோடும் தனியே விடாதீர்கள். நாய் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி முதலியவற்றைப் பூசுவது கேடு. வெறிநோயின் குறி தோன்றியபின் மருந்து ஏறக்குறைய பயனற்றது. முன்னரே போடும் ஊசி உயிர் காக்கும்.

வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் மிஞ்சிய காய்ந்த திராட்சையையும் போடாதீர்கள். வெந்த கோழி எலும்பு முள்ளாக உடைந்து குடலைக் குத்தும். தேவையின்றி நாயை அடித்து உதைத்துத் துன்புறுத்துவது, 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

6. முடிவுரை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு செம்மறைப் பெண் நாய் வந்து சேர்ந்தது. பின்கால் ஒன்று ஊனம். மனிதரைக் கண்டால் இருபது அடிக்கு அப்பால் ஓடும். தடுப்பூசி போட வலையோடு வந்தவர்கள் இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பினார்கள். மேற்சொன்ன முறையை அதனிடம் கையாண்டேன். ஒன்பதாம் நாள் என் காலருகே விழுந்த முட்டைத் துண்டைத் தின்றது. பதினேழாம் நாள் உள்ளங்கையிலிருந்து எடுத்தது. ஐம்பது நாள் சென்றபின், அது என் கையிலிருந்து தின்றுகொண்டிருக்கும்போதே மருத்துவர் ஊசி போட்டார். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது, ஓடவில்லை.

தழும்பு பெற்ற அந்தக் குழந்தை இன்று ஒரு பிள்ளைக்குத் தாய். நாயுள்ள வீட்டில் அவள் கால் வைப்பதில்லை. சென்ற ஆண்டு வந்தபோது வாயிலிலேயே நின்று, “சித்தப்பா, இது உறுமுமா?” என்று கேட்டாள். “உறுமும், அம்மா. உறுமினால் நாம் விலகிக்கொள்வோம்” என்றேன். நெடுநேரம் நின்றாள். பிறகு வாசற்படியில் பக்கவாட்டாக உட்கார்ந்து, ஒரு துண்டு முட்டையைத் தன் கையாலேயே எறிந்தாள். அன்று அவ்வளவே நடந்தது. நம்பிக்கை அவ்வளவு அவ்வளவாகத்தான் வளர்கிறது; நாய்க்கும் மனிதருக்கும்.

மைத்ரி என்ற சொல்லைப் பலமுறை உச்சரிக்கின்றோம். ஒரு நாயின் எதிரே உட்காரும்போது அச்சொல்லுக்குப் பொறுமை, ஒழுங்கு, வாக்குத் தவறாமை என்று பொருள். உரத்த கை ஒரு நாளில் அடக்கிவிடும். மெல்லிய கைக்கு ஐம்பது நாள் வேண்டும். அந்த ஐம்பது நாளைக் கொடுக்க நமக்கு மனமுண்டா என்பதே கேள்வி.

சிந்தித்தற்குரிய வினாக்கள்

1. உறுமும் நாயை அடித்தால் எது ஒழிகிறது? எது ஒழியாமல் நிற்கிறது?

2. கூலிக்கும் லஞ்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாயைப் பழக்கும் முறையால் விளக்குக.

3. சமமான துன்பம் பட்ட இரு தொகுதி நாய்களுள் ஒன்று தாண்டவும், மற்றது படுத்துக்கொள்ளவும் காரணம் யாது?

4. உங்களுக்கு ஒரு தொழிலைக் கற்பித்தவர்களுள் யாரை இன்று நன்றியோடு நினைக்கின்றீர்கள்? அவர் எவ்வாறு கற்பித்தார்?

5. இவ்வாரம் உங்கள் தெருவிலுள்ள ஒரு நாயைத் தூரத்திலிருந்தே பத்து நிமிஷம் கவனித்து, அது காட்டும் அடையாளங்களுள் மூன்றைக் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வருக.